காயாத நீலம்

ஊர் கூடியிருந்த மந்தையில் என்னை நடுவில் நிறுத்திவைத்துக் காளியண்ணன் கேட்டான்: “சென்றாயண்ணா, பங்களாவுல இருக்கற படம் உங்க மருமவளா, இல்லீங்களா?”

காளியண்ணன் எங்கள் ஊர்க்கவுண்டன். வயதில் எனக்கு இளையவன். ஆனால் மந்தைக் கல்மேல் உட்கார்ந்துவிட்டால் எல்லாருக்கும் மூத்தவன். அவன் கேட்டது சின்னக் கேள்விதான். எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் என் கழுத்து மாட்டிக்கொள்ளும்.

ஆமாம் என்றால் என் மருமகள் பாப்பாயி அன்றைக்கே ஊரை விட்டுப் போக வேண்டும். பிள்ளை எங்கள் வகையறாவைச் சேர்ந்தது, அதனால் என் பேத்தி என் வீட்டிலேயே நிற்கும். ஆத்தாக்காரி மட்டும் போவாள். இல்லை என்றால், பார்க்காமல் எப்படி இல்லை என்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றால், மகன் பெண்டாட்டியைத் துணியில்லாமல் பார்த்த மாமனார் என்று ஆகும். எங்கள் மலையில் மருமகள் எதிரே வந்தால் மாமன் தலையைத் திருப்பிக்கொள்வான். அவள் உட்கார்ந்த பாயில் நான் உட்காரக்கூடாது. அப்படி இருக்கும் ஊரில் என்னைக் கூப்பிட்டு அந்தப் படத்துக்குச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள்.

“ரோசன பண்ணிச் சொல்றேன்” என்றேன்.

“இதுல ரோசிக்கறதுக்கு என்னங்ணா இருக்குது?”

“படம் எங்கியும் ஓடிப் போவாது. மழையில காயவே மாட்டேங்குதாம். நாளக்கிச் சொல்றேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். காளியண்ணன் சிரிக்கவில்லை. ஆனாலும் நாளை வரைக்கும் விட்டான்.

அந்தப் படக்காரன் பெயர் அர்த்தனாரி. சேலத்துக்காரன். பட்டணத்தில் படம் எழுதப் படித்தவனாம். வைகாசியில் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து டோலியில் ஏறி வந்தான். ஆளைவிட அவன் பெட்டிகள்தான் கனம் என்று டோலி தூக்கியவர்கள் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு மேலே, சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும் வழியில், கீழ்நாட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் கட்டிய பங்களா இருக்கிறது. வருசத்தில் முக்கால்வாசி பூட்டித்தான் கிடக்கும். அதில் வந்து தங்கினான். எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். கீழேயிருந்து ஏறி வருகிறவன் நம்மைப் பார்த்துச் சிரித்தால் அவனுக்கு ஏதோ வேண்டும் என்று அர்த்தம். வனத்துக்காரனும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்தான். அப்புறம் நாங்கள் எங்கள் காட்டிலேயே விறகுக்குப் பயந்துகொண்டு போகவேண்டி வந்தது.

இவன் முதலில் மலையை எழுதினான். சிவப்பாக எழுதினான். மரத்தண்டுகளைக் கத்தரிப்பூ நிறத்தில் எழுதினான். ஊரில் எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். காளியண்ணனின் ஆத்தா அத்தாயி, “மலைக்கு என்ன சொறியா புடிச்சிருக்குது?” என்று அவனிடமே கேட்டாள். அதற்கும் சிரித்தானாம்.

ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி பங்களாவை மூடிவிட்டது. வெளியே போக முடியாமல் உள்ளேயே உட்கார்ந்தான். பங்களாவில் ஆள் தங்கினால் தண்ணீரும் விறகும் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முறை. முறை மாறி எங்கள் வீட்டுக்கு வந்தது. என் மகன் குப்புசாமி வெள்ளைக்காரன் சண்டைக்காக அஸ்ஸாம் பக்கம் ரோடு போடும் கூலிப் பட்டாளத்தில் இருந்தான். என் பெண்டாட்டி செத்துப் பல வருசம். நான் சாமைக் காட்டில் கிடந்தேன். பாப்பாயிதான் போனாள்.

காளியண்ணனின் தம்பி அப்பாசாமி காலி மண்ணெண்ணெய் டின் கேட்டு வாங்கப் பங்களாவுக்குப் போயிருக்கிறான். சன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறான். அடுத்தவன் சன்னல் எதைக் கண்டாலும் எட்டிப் பார்க்கிற ஆள் அவன். உள்ளே மரச்சட்டத்தில் ஒரு படம். ஓடி வந்து மந்தையில் சொன்னான்:

“மொகம் நம்ம பாப்பாயி. கழுத்துக்குக் கீழ ஒரு நூலு துணியில்ல. தொடையில, நெஞ்சுல, வயித்துல எல்லாம் நீல நீலமாக் கோடு. ஒடம்பு பூராப் பச்ச குத்தியிருக்கறா!”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் மலையில் பெண்கள் பச்சை குத்திக்கொள்ளக் கூடாது. கீழ்நாட்டில் கைநிறையக் குத்திக்கொள்வார்கள். அது அவர்கள் வழக்கம், நான் குறை சொல்லவில்லை. குத்தியவள் எங்கள் பெரியசாமி கோயில் வாசலை மிதித்தால் ஊருக்கே தீட்டு. அந்த வருசத் திருவிழாவில் சாமிக்கு மாவு இடித்த பெண்களில் பாப்பாயியும் ஒருத்தி. அதற்கு முந்தின தையில் அவள் கீழே கடலை பிடுங்கப் போய்வந்திருந்தாள். அங்கேதான் யாருக்கும் தெரியாத இடத்தில் குத்திக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. ஆகவே பச்சைதான் முதல் குற்றம். அந்நிய ஆம்பிளை முன்னால் அம்மணமாக உட்கார்ந்தது இரண்டாவது. ஒவ்வொன்றும் தனித்தனியாகவே அவளை வெளியே தள்ளப் போதும்.

பெண்கள் விலக்கானால் ஒதுங்கி இருக்க ஊர்க்கோடியில் ஒரு குடிசை உண்டு. விசாரணை முடியும் மட்டும் பாப்பாயியை அதில் வைத்தார்கள். பிள்ளையைக் கொடுக்கவில்லை.

மந்தையிலிருந்து நேராக அங்கேதான் போனேன். உள்ளே போகக் கூடாது. பின்பக்கம் தட்டிச் சுவருக்கு வெளியே, கூரைத் தண்ணீர் முதுகில் ஒழுக நின்றேன்.

“பாப்பாயி.”

“மாமாங்களா? பாப்பா சாப்புட்டாளுங்களா?”

“சாப்புட்டா. அத்தாயி ஊட்டுல இருக்கறா. நா ஒண்ணு கேப்பேன், மெய்யச் சொல்லோணும். படத்துல இருக்கறது நீயா?”

  அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“நாந்தானுங்க மாமா.”

“துணியில்லாமயா?”

“ஆமாங்க.”

“அவன் ஏதாச்சும் பண்ணுனானா?”

“இல்லீங்க. கிட்டவே வரல. அக்கட்ட தள்ளி நின்னு எழுதுனாரு. சாமி கும்புடறவங்களாட்டம் நின்னாரு.”

“அப்பறம் எதுக்குடி போயி உக்காந்த?”

“கேட்டாருங்க. உக்காரறீங்களா, இஷ்டமில்லைன்னா வேண்டாமுன்னாரு. நா ஊட்டுக்கு வந்து நெனச்சுப் பாத்தேன். மறுக்காப் போனப்பச் சரின்னேன். இஷ்டமான்னு எங்கிட்ட யாருங்க கேட்டிருக்கறாங்க? உங்க ஊட்டுக்கு வாறதுக்கே யாரும் கேக்கல.”

பெண்ணைக் கேட்டுக் கல்யாணம் வைக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

“பச்ச குத்துனயா?”

“ஒரு புள்ளிகூட இல்லீங்க.”

“அப்பாசாமி பாத்தங்கறானே.”

“அவரு எதப் பாத்தாரோ. நா இன்னும் படத்தப் பாக்கவே இல்லீங்க. முடிச்சதுக்கப்பறம் காட்டறேன்னாரு.”

நான் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. படத்தில் உட்கார்ந்ததை ஒத்துக்கொண்டவள் பச்சையை மட்டும் மறைக்கலாம். அப்பாசாமி இல்லாததைச் சொல்லலாம். படக்காரன் காணாததை எழுதியிருக்கலாம். பார்த்துவிடுவது ஒன்றுதான் வழி. மூடுபனி இருந்ததால் யார் கண்ணிலும் படாமல் கொல்லைப்பக்கமாகவே பங்களாவுக்கு ஏறினேன். முன்வாசலில் காளியண்ணன் ஆள் போட்டிருந்தான். பின்கதவைத் தட்டினேன்.

அர்த்தனாரி தாடியோடு, கண்ணெல்லாம் உள்ளே போய், காய்ச்சல்காரனைப் போல நின்றான். அவனும் மாட்டிக்கொண்டுதான் கிடந்தான். டோலி தூக்க யாரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். படத்தைச் சுருட்டிக்கொண்டு நடந்து போகலாம் என்றால் ஈரம் காயவில்லை. சட்டத்துக்கு இரண்டு பக்கமும் கரிச் சட்டியில் கணப்பு வைத்திருந்தான். வீடெல்லாம் எண்ணெயும் தைலமும் கலந்த வாடை.

“வாங்க பெரியவரே. நீங்க அவங்க மாமனாருதானுங்களே?” என்றான்.

“அதெல்லாம் அப்பறம். கழுத்துக்குக் கீழ ஒரு துணியப் போடுங்க. நா மொகத்த மட்டும் பாத்துக்கறேன்.”

“போட முடியாதுங்க. ஈரம். ஒட்டிக்கும்.”

அதையும் நான் யோசித்து வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போனேன். முதலில் படத்தின் கீழ்மூலையைப் பார்த்தேன். சிவப்பு. குங்குமச் சிவப்பு இல்லை, அறுத்த ஆட்டுக் கழுத்துச் சிவப்பு. தரையும் சுவரும் அதே சிவப்புதான், தரை எங்கே முடிகிறது சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அப்புறம் ஒரு கால். பலாச்சுளை மஞ்சள். இப்படி ஒரு மஞ்சள் எந்த மனுசனுக்கும் கிடையாது. வர்ணத்தைத் தேய்த்திருக்கவில்லை, அப்பியிருந்தான். சேற்றைச் சுவரில் அப்பியதைப் போல விரல்தடிமனுக்கு நின்றது. ஒரு முழங்காலைத் தூக்கி, அதன்மேல் முழங்கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். தொடையின் உள்பக்கம், வயிற்று மடிப்பு, மார்புக்குக் கீழே, எங்கெல்லாம் இருட்டாக இருக்குமோ அங்கெல்லாம் மயில்கழுத்து நீலத்தில் பட்டை பட்டையாக இழுத்திருந்தான்.

கடைசியாக முகத்தைப் பார்த்தேன். மூக்குக்கு ஒரு கோடு, வாய்க்கு ஒரு கோடு, அவ்வளவுதான் எழுதியிருந்தான். ஆனாலும் பாப்பாயிதான். தலையைக் குனியாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் யாருக்கும் பயப்படவில்லை. முகம் என் மருமகள் முகம், ஆனால் அப்படி ஒருத்தி என் வீட்டில் நடமாடி நான் பார்த்ததே இல்லை.

திரும்பி நின்றுகொண்டேன்.

“இந்த நீலம் என்னது?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

“நெழலுங்க.”

“நெழலு கறுப்புல்ல?”

“கறுப்பே கெடையாதுங்க பெரியவரே. மழை வெளிச்சத்துல உங்க கையப் பாருங்க. விரலுக்கு நடுவுல நல்லா உத்துப் பாருங்க. நீலம் தெரியும்.”

சன்னல் பக்கம் கையை நீட்டிப் பார்த்தேன். எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது.

“மஞ்ச?”

“அவங்க உக்காந்திருந்தப்ப ரூம்ல வெளிச்சமே இல்லீங்க. இருந்த வெளிச்சமெல்லாம் அவங்ககிட்டயிருந்து வந்த மாதிரி இருந்துச்சு.”

“வெளிச்சம் சன்னல்லதான் வரும்” என்றேன். “இந்த நீலத்தப் பச்ச குத்துனதுன்னு ஊரு நெனச்சுக்கிட்டு இருக்குது. தெரியுமா உங்களுக்கு? அதுக்குத்தான் அவளப் புடிச்சு அடச்சு வெச்சிருக்குது.”

அவன் வாயைப் பிளந்தான். எதற்காக ஊர் கூடியது என்றே அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. “இதுக்குத்தானா? கோடுதான் குத்தமா?” என்று சொல்லிக்கொண்டே கரண்டி போலத் தட்டையாக இருந்த ஒரு கத்தியை எடுத்தான். “வழிச்சு எடுத்துடறேன் பெரியவரே. ஒரு மணி நேரத்துல தோல் நெறமாவே மாத்திடறேன். வந்து பாக்கட்டும், ஒரு கோடு இருக்காது” என்று படத்துத் தொடையில் கத்தியை வைத்து ஒரு பட்டை நீலத்தை வழித்தும்விட்டான்.

அப்போதுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“கத்தியக் கீழ போடுங்க!”

“ஏனுங்க?”

“கோட்ட எடுத்தீங்கன்னா அவ செத்தா. கேளுங்க. கோடு இருக்கற வரைக்கும் படத்துல இருக்கறவ பச்ச குத்துனவ. எம்மருமவ ஒடம்புல பச்ச கெடையாது. அப்ப இது அவ இல்ல. கோட்ட எடுத்துப்புட்டீங்கன்னா, படத்துலயும் பச்ச இல்ல, அவகிட்டயும் பச்ச இல்ல. அப்ப இது அவதான்னு ஆயிப்போச்சு. அம்மணமா உக்காந்தான்னு தாலிய அறுத்து அனுப்பிப்போடுவாங்க.”

கத்தியில் ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். படித்தவனுக்குப் புரிய நேரமாயிற்று.

“அப்ப, இது அவங்க இல்லைன்னு ஊர் சொல்லணும். அதுதானுங்களே?”

“அதேதான்.”

“ஆனா இது அவங்கதானே.”

“அது உங்களுக்கும் எனக்கும். வெளிய வாயத் தொறக்காதீங்க.”

“வேணும்னா எரிச்சுடட்டுங்களா?” என்றான். சொல்லும்போதே அவன் கை சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. எரிக்கமாட்டான்.

“எரிச்சாப் பயந்துக்கிட்டு எரிச்சான்னு சொல்லுவாங்க. கையக் கட்டிக்கிட்டுச் சும்மா உக்காருங்க.”

தலையாட்டினான். தொடையில் நீலம் வழித்த இடம் மொட்டையாகத் தெரிந்தது. நான் போனபிறகு மீதியையும் வழித்துவிடுவானோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே இறங்கினேன். நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவனைக் காவல் காப்பது ரொம்பக் கஷ்டம்.

மறுநாள் மந்தையில் காளியண்ணன் அதே கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டேன்.

“படத்தப் பத்தி அப்பறம் பேசலாம். மொதல்ல பொம்பளைங்களை அனுப்பி எம்மருமவ ஒடம்புல பச்ச இருக்குதான்னு பாருங்க. இருந்தா நானே அவளக் கூட்டிக்கிட்டுப் போயி எல்லையில உட்டுட்டு வாரேன்.”

அது நியாயம்தான் என்று நாலுபேர் சொன்னார்கள். அத்தாயியும் வேறு இரண்டு கிழவிகளும் குடிசைக்குப் போனார்கள். போனவேகத்தில் திரும்பி வந்தார்கள்.

“மாட்டேங்கறா” என்றாள் அத்தாயி. “சீலையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு மூலையில உக்காந்துக்கிட்டா. கிட்டப் போனாக் கடிச்சுப்புடுவா போலிருக்குது. எனக்கு இருக்கறதே ரெண்டு பல்லு, நா திருப்பிக் கடிக்கவும் முடியாது.”

அப்பாசாமி தொடையில் தட்டினான். “பாத்தீங்களா? இல்லைன்னா எதுக்குப் பயப்படறா? குத்தியிருக்கறா.”

“சென்றாயண்ணா, நீங்க போயிச் சொல்லுங்க. இல்லைன்னா முடிஞ்சுது” என்றான் காளியண்ணன்.

மறுபடியும் அந்தத் தட்டிச் சுவர். மறுபடியும் கூரைத் தண்ணீர்.

“ஏன் சாமி, காட்டிப்போட்டா முடிஞ்சுது. பொம்பளைங்கதானே.”

“மாட்டனுங்க மாமா.”

“அந்நியன் முன்னால உக்காந்தவளுக்கு அத்தாயி முன்னால என்ன வெக்கம்?”

“அவரு கேட்டாருங்க.”

“இவங்களும் கேக்கத்தானே கேக்கறாங்க?”

“இவங்க உருவ வந்திருக்கறாங்க. மாட்டேன்னா உட்டுருவாங்களா?”

விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அவள் சொல்வதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சரியைப் பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை.

“பாப்பாயி. இன்னிக்கிக் காட்டலைன்னா நாளக்கி நீ ஊருல இல்ல. உம்மவ எங்கிட்ட வளருவா. ஆத்தா எங்கேன்னு கேப்பா. நா என்ன சொல்லட்டும்? நீயே சொல்லிக் குடு.”

அவள் எழுந்து தட்டியோரம் வரும் சத்தம் கேட்டது. பிறகு, “அவங்கள வரச் சொல்லுங்க” என்றாள்.

நான் மந்தைக்குத் திரும்பி வந்து ஊர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். அத்தாயி குடிசைக்குப் போய்விட்டு மழையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள்.

“ஒரு புள்ளி இல்ல. மேலேயிருந்து கீழ வரைக்கும் திருப்பித் திருப்பிப் பாத்தாச்சு. கழுவுன பலாக்கொட்டையாட்டம் இருக்கறா. போதுமாடா உங்களுக்கு?”

சனம் கசமுசவென்று பேசிக்கொண்டது. எல்லார் கண்ணும் அப்பாசாமி மேல் போயிற்று. அவன் எழுந்து நின்றான்.

“அந்தப் படக்காரன் மலையவே செவப்பா எழுதறவன். இல்லாத நீலத்த இருக்கற மாதிரி எழுதியிருப்பான். மொகம் பாப்பாயி மொகம்தான். நா கண்ணால பாத்தேன்.”

பேச்சு இந்த இடத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும். “அப்பாசாமி, நேத்து வரைக்கும் அந்த நீலத்த மெய்யின்னு சொல்லித்தானே ஊரக் கூட்டுன? பச்ச குத்தியிருக்கறா, தீட்டுன்னு சொன்னது நீதானே? நீலம் மெய்யின்னா அது எம்மருமவ இல்ல. நீலம் பொய்யின்னா மொகமும் பொய்யாத்தானே இருக்கோணும்? ரெண்டுல ஒண்ணப் புடி. ரெண்டையும் புடிச்சுக்கிட்டுத் தொங்காத.”

அத்தாயி சிரித்துவிட்டாள். காளியண்ணன் யோசித்தான். “வாங்க, போயிப் பாத்துப்போடலாம்” என்று எழுந்தான்.

தொடையில் மொட்டையாக இருந்த இடம்தான் கண்முன்னால் நின்றது. அவன் மீதியையும் வழித்திருந்தால் நான் பேசியதெல்லாம் வீண். போகும்போதே நாலு பெரியவர்களும் அப்பாசாமியும் சேர்ந்துகொண்டார்கள். மூடுபனியில் முன்னால் போகிறவன் முதுகு மட்டும் தெரிந்தது. இந்த வயதிலும் எனக்கு அந்த மேடு பெரிதில்லை, அன்றைக்கு மட்டும் மூச்சு வாங்கியது.

அர்த்தனாரி கதவைத் திறந்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றான். கை இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் நீலம். எல்லாரும் உள்ளே போனார்கள். நான் வாசற்படியிலேயே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து ஒரு பெரியவர், “ஐயய்யோ, அவ கையில பாருங்கடா” என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். தொடையில் வழித்த இடத்தை மூடிவிட்டிருந்தான், முன்னைவிடத் தடிமனாக. அதோடு விடவில்லை. இரண்டு தோளிலும், புயத்திலும், முன்கையிலும், நேற்று வெறும் மஞ்சளாக இருந்த இடமெல்லாம் நீலம் இழுத்திருந்தான். எங்கள் பெண்கள் ரவிக்கை போடுவதில்லை. பாப்பாயியின் தோளையும் கையையும் ஊரே தினமும் பார்க்கிறது. அதில் ஒன்றும் கிடையாது என்று சொல்ல அத்தாயிகூட வேண்டியதில்லை.

“இது கீழ்நாட்டுக்காரிடா” என்றார் அந்தப் பெரியவர். “கை பூராக் குத்தியிருக்கறா பாரு.”

படத்துக்கு அது நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது. அர்த்தனாரியின் முகத்தைப் பார்த்தால் தன் மாட்டைத் தானே வெட்டினவன் முகமாக இருந்தது. அன்றைக்குத்தான் அந்த ஆளை நான் அரைவாசி நம்பினேன்.

காளியண்ணன் வாசலுக்கு வந்தான். “அண்ணா, முறைன்னு ஒண்ணு இருக்குது. பெரியசாமி மேல ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. உங்க மருமவளா, இல்லீங்களா?”

“இல்ல” என்றேன். “பெரியசாமி சாட்சியா அது எம்மருமவ இல்ல.” கை முழுக்கப் பச்சையை அவர்களே பார்த்துவிட்டதால், நீ பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை.

சாமி என்னைக் கேட்டால் அப்போது நான் சாமியிடம் பேசிக்கொள்கிறேன்.

தீர்ப்பு பங்களா வாசலிலேயே முடிந்தது. படத்தில் இருப்பது கீழ்நாட்டுப் பொம்பளை. படக்காரன் பாப்பாயியின் முகத்தை மட்டும் அவளுக்குத் தெரியாமல் திருடி அதில் ஒட்டிவிட்டான். அவன் உடனே மலையிறங்க வேண்டும், இனிமேல் ஏறக் கூடாது. பாப்பாயி மேல் தீட்டு இல்லை, குடும்பத்தோடு இருக்கலாம். ஆனாலும் முகத்தைப் பறிகொடுக்கிற அளவுக்கு வெளியே அலைந்திருக்கிறாள். அதனால் புருசன் வரும் வரைக்கும் வேலியைத் தாண்டக் கூடாது. தண்ணீர்த்துறை, காடு, சந்தை எதுவும் கிடையாது. கீழே கடலைக்குப் போவது அடியோடு கிடையாது. அவள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது மாமனார் பொறுப்பு.

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து கிளம்பியிருக்கும்.

அர்த்தனாரி அடுத்த நாள் காலையில் இறங்கினான். படத்தின்மேல் துணி படாமல் மூங்கில் வளைத்துக் கூண்டு கட்டி, மேலே ஓலை போட்டு, அதை ஒரு டோலியில் ஏற்றி, அவன் பின்னால் நடந்து போனான். என்னைப் பார்த்ததும் நின்று கும்பிட்டான். நான் கும்பிடவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

பாப்பாயி வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை அவள் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. களி கிண்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், நான் வெளியே உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்தபோது கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

“ஏனுங்க மாமா.”

“என்ன கண்ணு?”

“நீங்க பாத்தீங்களா?”

எதை என்று கேட்டிருக்கலாம். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். சாமி மேலேயே சொன்னவனுக்கு இவளிடம் ஒரு பொய் சொல்வது பெரிதில்லை. ஆனால் இந்த வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

“மஞ்சளா இருந்துச்சு” என்றேன்.

“மஞ்சளுங்களா?”

“ஆமா. சுத்தியும் செவப்பு. நெழலெல்லாம் நீலம்.”

அவள் அதை மனதுக்குள் வைத்துப் பார்க்கிறாள் போலிருந்தது. பிறகு, “எப்புடி உக்காந்திருந்தனுங்க?” என்று கேட்டாள்.

இதற்கு மேல் ஒரு மாமனார் வாய் திறக்க முடியாது. நான் தட்டைக் கழுவப் போனேன்.

“அது நாந்தானுங்க மாமா” என்றாள் பின்னாலிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை. “நா இல்லைன்னு ஊரே சொல்லிருச்சு. நீங்களும் சாமி மேல சொல்லிட்டீங்களாமா. அத்தாயி சொன்னாங்க.”

“அப்படிச் சொன்னதாலதான் நீ இங்க நிக்கற.”

“தெரியுமுங்க” என்றாள். “நிக்கத்தான் நிக்கறேன்.”

சாமைக் கொல்லைக்குப் போக நேரமாகிவிட்டது. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் பிள்ளையோடு வாசலில் நின்றாள். நான் வேலிக்கு வெளியே வந்து வேலிவாசல் படலை இழுத்துச் சாத்தி, வெளிப்பக்கமாகக் கயிற்றால் முளையில் கட்டினேன். குப்புசாமி வரும் வரைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். சண்டை எப்போது முடியும், அவன் எப்போது வருவான், எனக்கு எப்படித் தெரியும்? மழையில் கயிறு ஊறி முடிச்சு இறுகிவிடுகிறது. சாயங்காலம் திரும்பி வந்து அதை அவிழ்க்க எனக்கே நேரம் பிடிக்கிறது.